சத்தத்தை அடக்கும் சக்கரம் தேவைதானா?

ஓசூரின் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அமைதியாக ஓடும் மோட்டார் சைக்கிள், சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாக மேட்டுநிலத்திலிருந்து இறங்கி, நண்பகல் வெயிலில் சாமல்பட்டிக் கடைத்தெருவில் எஞ்சின் அணைக்கப்படாமல் நிற்கும்போது மட்டும் ‘கடகட’வென்று ஒலிப்பது ஏன்? ஆக்சிலேட்டரைச் சற்றே திருகினால் அந்த ஒலி மறைந்துவிடுகிறது; விட்டவுடன் திரும்ப வருகிறது. சில வண்டிகளில் கிளட்சைப் பிடித்தாலே அடங்கிவிடுகிறது. வேறு சிலவற்றில் கிளட்சைப் பிடித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி கேட்கிறது. எஞ்சினுக்குள் ஏதோ தேய்ந்துபோய்விட்டது என்று உரிமையாளர் கவலைப்படுகிறார். பழகிய மெக்கானிக்கோ அது பற்சக்கரங்களின் சத்தம்தான், ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்.

இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த எஞ்சினை வடிவமைத்தவர்களின் மேசையில் இதே புதிர் வேறொரு கேள்வியாக எழுந்திருக்கும். இந்தச் சத்தத்தை அடக்குவதற்கென்றே தனியாக ஓர் உறுப்பை எஞ்சினுக்குள் வைக்க முடியும். அதற்குப் பணம் செலவாகும், எடை கூடும், கோக்கும் வேலையும் கூடும். அந்த உறுப்பு உண்மையிலேயே தேவையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை காண்பதற்கு வெப்பவியல், ஒலியியல், புள்ளியியல், மனிதச் செவியின் இயல்பு ஆகிய நான்கும் வேண்டியிருக்கின்றன.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இது அயலான கேள்வியன்று. அசோக் லேலண்டின் கனரக வாகனங்களும் டி.வி.எஸ். மோட்டாரின் இருசக்கர வாகனங்களும் ஓசூரில் உருவாகின்றன. அவற்றுக்கான பற்சக்கரங்களையும் தாங்கிகளையும் வார்ப்புகளையும் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் அந்நகரைச் சுற்றி ஏராளம்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே

பற்சக்கரங்கள் ஏன் ஒலிக்கின்றன என்பதை அறிய, முதலில் அவற்றுக்கு இடையே வேண்டுமென்றே விடப்படும் இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரத்தின் பல், மற்றொன்றின் இரு பற்களுக்கு இடையிலான பள்ளத்தில் நுழையும்போது, அந்தப் பள்ளம் பல்லைவிட மயிரிழை அகலமாகவே வெட்டப்பட்டிருக்கும். இந்த உபரி அகலத்தைப் பட்டறைகளில் ‘ப்ளே’ என்றும் ‘பேக்லாஷ்’ என்றும் சொல்வார்கள். இந்த அத்தியாயத்தில் அது ‘பல்லிடைத் தளர்வு’ எனப்படும். தளர்வே இல்லாமல் செய்தால் எண்ணெய்ப் படலம் நுழைய இடமிராது, பல்லின் இரு முகங்களும் ஒரே நேரத்தில் உராயும், சிறிது வெப்பம் ஏறினாலும் சக்கரங்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

அந்த இடைவெளி எஞ்சினின் வெப்பநிலையோடு மாறுகிறது என்பதுதான் முதல் துப்பு. சக்கரங்கள் எஃகால் ஆனவை. அவற்றின் தண்டுகளைத் தாங்கும் உறையோ அலுமினியத்தால் ஆனது. ஒரே அளவு சூடேறினால் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். இரு தண்டுகளின் மையங்களுக்கு இடையே 80 மில்லிமீட்டர் தொலைவு இருப்பதாகவும், எஞ்சின் 20 டிகிரி செல்சியசிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாவதாகவும் கொள்வோமானால், அலுமினிய உறை அந்தத் தொலைவை ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் நீட்டுகிறது. எஃகுச் சக்கரங்கள் அதே தொலைவில் 0.08 மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. சக்கரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று 0.07 மில்லிமீட்டர் விலகிப்போகின்றன. பற்களின் பக்கங்கள் வழக்கமான 20 டிகிரிச் சாய்வில் இருந்தால், இந்த விலகல் பல்லிடைத் தளர்வில் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டராகச் சேர்கிறது. குளிரில் 0.06 மில்லிமீட்டர் தளர்வோடு கோக்கப்பட்ட இணை, சூடேறியபின் 0.11 மில்லிமீட்டர் தளர்வோடு ஓடுகிறது. அதாவது, ஏறத்தாழ இரு மடங்கு.

இதே நேரத்தில் எண்ணெயும் சூட்டில் இளகி நீர்த்துவிடுகிறது. குளிர்ந்த எண்ணெய் சக்கரத்தின் அசைவைப் பிடித்து இழுக்கும், பல்லும் பல்லும் மோதும்போது நடுவே மெத்தைபோல் நசுங்கும். சூடான எண்ணெய் இவ்விரண்டையும் குறைவாகவே செய்யும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் காலைக் குளிரில் கேட்காத ஒலி, கீழே சாமல்பட்டியின் நண்பகலில் கேட்பதற்கு இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

இரு வகை ஒலிகள்

பற்சக்கரங்களின் ஒலி என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வேறுபட்ட ஒலிகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாத சோதனை தொடக்கத்திலேயே வழி தவறிவிடும்.

முதலாவது, சுமையோடு ஓடும்போது எழும் ‘சீழ்க்கை ஒலி’. எந்தப் பல்லும் முழுத் துல்லியமாக வெட்டப்படுவதில்லை. சுமை ஏறும்போது ஒவ்வொரு பல்லும் சிறிது வளையவும் செய்கிறது. இதனால் ஒவ்வொரு பல் கவ்வும்போதும் சக்கரம் மிகச் சிறிய அளவில் முந்திப் பிந்திச் சுழல்கிறது, அந்த அதிர்வு தாங்கிகளின் வழியே உறைக்குப் போய் ஒலியாகிறது. 40 பற்கள் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றால் நொடிக்கு 1,000 பற்கள் கவ்வும்; ஆகவே 1,000 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒலி எழும். வேகம் 6,000 ஆனால் சுருதி 4,000 ஹெர்ட்சுக்கு உயரும். வேகத்தோடு சேர்ந்தே சுருதியும் ஏறுவதுதான் சீழ்க்கை ஒலியின் அடையாளம்.

இரண்டாவது, சுமையில்லாமல் ஓடும்போது எழும் ‘மோதல் ஒலி’. சாமல்பட்டிக் கடைத்தெருவில் கேட்பது இதுதான். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுகளுக்கு ஒரு முறைதான் எரிபொருள் வெடிப்பின் உந்துதலைப் பெறுகிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால், நொடிக்கு 12 அல்லது 13 உந்துதல்கள்தாம். ஒவ்வோர் உந்துதலிலும் தண்டு துள்ளி முன்னேறுகிறது. அடுத்த அழுத்தத்தின்போது வேகம் தளர்கிறது. அதோடு கவ்வியிருக்கும் சுமையற்ற சக்கரமோ தன் நிறையின் காரணமாகச் சீரான வேகத்திலேயே சுழல முயல்கிறது. ஓட்டுகிற பல் முன்னால் பாயும்போது ஒரு முகத்திலும், பின்தங்கும்போது மறு முகத்திலும் மோதல் நிகழ்கிறது. தாழிடாத கதவு சீராக வீசும் காற்றில் நிலையோடு ஒட்டி அமைதியாக இருந்து, விட்டுவிட்டு வீசும் காற்றில் படபடவென அடித்துக்கொள்வதைப் போன்றது இது. ஆக்சிலேட்டரைத் திருகி வேகத்தை ஏற்றும்போது உந்துதல்கள் நெருங்கி வருவதால் தண்டின் தள்ளாட்டம் குறைகிறது, ஒலியும் அடங்குகிறது.

கிளட்ச் பற்றிய புதிருக்கும் இங்கேயே விடை இருக்கிறது. வண்டி நியூட்ரலில் நிற்கும்போது கிளட்சைப் பிடித்ததும் ஒலி நின்றால், மோதும் சக்கரங்கள் கிளட்சுக்கு அப்பால், கியர் பெட்டிக்குள் இருக்கின்றன என்று பொருள். கிளட்சைப் பிடித்தாலும் ஒலி மாறவில்லையென்றால், அது கிராங்க் தண்டோடு நேரடியாகக் கவ்விய இணையிலிருந்து வருவதாக இருக்க வாய்ப்பு அதிகம். அத்தகைய இணைகளில் முக்கியமானது சமன்தண்டின் பற்சக்கரம்.

சமன்தண்டும் பிளவுச் சக்கரமும்

பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதால் எழும் அதிர்வைக் குறைக்க, கிராங்க் தண்டுக்கு அருகில், அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுழலும் எடைத்தண்டு ஒன்று வைக்கப்படுகிறது. தமிழில் இதைச் சமன்தண்டு எனலாம். பட்டறை வழக்கில் ‘பேலன்சர் ஷாஃப்ட்’. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் கார் எஞ்சின்களுக்காக இத்தகைய தண்டுகளை உருவாக்கினார். இன்றைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களில் இது பரவலாகிவிட்டது. டி.வி.எஸ். மோட்டாரும் பி.எம்.டபிள்யூ மோட்டராடும் 2013ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாக ஓசூரில் உருவாகும் 313 சி.சி. எஞ்சினிலும், 2020இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350இன் எஞ்சினிலும் சமன்தண்டு உண்டு.

ஒரு தண்டை எதிர்த்திசையில் சுழற்றுவதற்கு இரண்டு பற்சக்கரங்களை நேராகக் கவ்வவிடுவதே எளிய வழி. ஆனால் சமன்தண்டு எந்த வேலையையும் இழுப்பதில்லை. எடையைச் சுமந்து சும்மா சுழல்கிறது. சுமையில்லை, எடை உண்டு, தள்ளாடும் கிராங்க் தண்டோடு நேரடியான தொடர்பும் உண்டு. மோதல் ஒலி எழுவதற்கு இதைவிட ஏற்ற சூழல் வேறில்லை. அதிர்வைக் குறைக்க வந்த உறுப்பு சத்தத்தைக் கொண்டுவந்துவிடுகிறது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் பட்டறைகளில் ‘சிசர் கியர்’ எனப்படும் பிளவுச் சக்கரம். ஒரே சக்கரத்துக்குப் பதிலாக, தண்டில் உறுதியாகப் பொருத்தப்பட்ட ஒரு தடித்த சக்கரமும், அதன் பக்கத்தில் சிறிதளவு திரும்பக்கூடிய ஒரு மெல்லிய சக்கரமும் இருக்கும். இரண்டுக்கும் பற்களின் எண்ணிக்கையும் வடிவும் ஒன்றே. நடுவில் உள்ள ஸ்பிரிங், மெல்லிய சக்கரத்தை எப்போதும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். எதிர்ச்சக்கரத்தின் பல் நடுவே வந்ததும் தடித்த சக்கரம் அதன் ஒரு முகத்தையும், மெல்லிய சக்கரம் மறு முகத்தையும் தொட்டுக்கொண்டு நிற்கும். தளர்வு மறையவில்லை, ஆனால் அதற்குள் பல் அலைய இடமில்லை. உறை சூட்டில் விரிந்தாலும், விரிந்த அளவுக்கு ஸ்பிரிங் மெல்லிய சக்கரத்தைத் தள்ளிவிடும்.

இதற்குரிய விலையும் உண்டு. கூடுதலாக ஒரு சக்கரமும் ஸ்பிரிங்குகளும் தேவைப்படுகின்றன. ஸ்பிரிங்கின் இழுப்பால் பற்கள் எப்போதும் உராய்ந்துகொண்டே இருக்கின்றன. எஞ்சினைப் பிரித்துக் கோக்கும்போது இரு சக்கரங்களின் பற்களையும் நேராக்கி, துளையில் ஒரு பின்னைச் செருகி நிறுத்தி, இணை கவ்விய பிறகே அந்தப் பின்னை உருவ வேண்டும். மறந்தால் ஸ்பிரிங் வேலை செய்யாது. ஓர் எஞ்சினுக்கு 50 ரூபாய் கூடுதல் என்று எடுத்துக்காட்டுக்காகக் கொண்டால், ஆண்டுக்கு 2 லட்சம் எஞ்சின்களுக்கு 1 கோடி ரூபாய் ஆகிறது. தேவையில்லாத இடத்தில் அதைச் செலவிட்டால், கடைசியில் அந்தப் பணத்தைத் தருபவர் வண்டி வாங்குபவர்தான். தேவையான இடத்தில் விட்டுவிட்டால், கடகடக்கும் வண்டியோடு சர்வீஸ் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக அலைபவரும் அவர்தான். ஆகவே இந்தக் கேள்வியைத் தோராயமாக முடித்துவிட முடியாது.

ஒலிமானி காட்டும் எண் ஏன் போதாது

முதலில் தோன்றும் யோசனை எளிமையானது: சக்கரத்தோடு ஒரு முறையும் அது இல்லாமல் ஒரு முறையும் எஞ்சினை ஓட்டி, ஒலிமானியில் டெசிபல் அளவைப் பார்த்துவிடலாமே. இந்த யோசனை ஏமாற்றிவிடும் என்பதைச் சிறு கணக்கு காட்டும்.

டெசிபல் அளவுகோலில் எண்களைச் சாதாரணமாகக் கூட்ட முடியாது. ஒலியின் ஆற்றல் இரு மடங்கானால் அளவு 3 டெசிபல்தான் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். புகைபோக்கி, வால்வுகள், சங்கிலி, மோதும் பற்கள் எல்லாம் சேர்ந்து ஓர் எஞ்சின் 70 டெசிபல் ஒலிக்கிறது என்றும், அதில் பற்களின் மோதல் மட்டும் 60 டெசிபல் என்றும் கொள்ளலாம். மோதலின் ஆற்றல் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். அதை அறவே நீக்கினாலும் ஒலிமானி 69.5 டெசிபல் என்றே காட்டும். அரை டெசிபல் வேறுபாட்டை மனிதச் செவியால் பெரும்பாலும் உணரவே முடியாது. மைக்ரோஃபோனைச் சற்று நகர்த்தினாலே அந்த அளவு மாறிவிடும்.

ஆனால் அருகில் நிற்பவருக்கு மோதல் ஒலி தனியாகவும் தெளிவாகவும் கேட்கிறது. செவி எல்லா ஒலிகளையும் ஒன்றாகக் கொட்டி அளப்பதில்லை என்பதே இதற்குக் காரணம். ஜெர்மானிய ஒலியியலாளர் எபெர்ஹார்டு ட்சுவிக்கர், செவி தான் கேட்கும் சுருதிகளை 24 பட்டைகளாகப் பிரித்து உணர்வதாக விளக்கினார். ஒரே பட்டைக்குள் வரும் ஒலிகள் ஒன்றையொன்று மறைக்கும். தொலைவான பட்டைகளில் இருப்பவை அவ்வளவாக மறைப்பதில்லை. புகைபோக்கியின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதிகளில் இருக்க, எஃகுப் பற்களின் குறுகிய மோதல்கள் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவுகின்றன. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில்தான் செவி மிகக் கூர்மையாக இருக்கிறது. விட்டுவிட்டுத் துடிக்கும் ஒலியைச் சீரான இரைச்சலைவிடச் செவி எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பதும் உண்மை.

சட்டமும் இங்கே துணைக்கு வராது. இந்திய விதிகளின்படி மோட்டார் சைக்கிள்களுக்கு 80 சி.சி. வரை 75 டெசிபலும், அதற்கு மேல் 175 சி.சி. வரை 77 டெசிபலும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 80 டெசிபலும் வரம்பு. அந்தச் சோதனை, வண்டி வேகமெடுத்து மைக்ரோஃபோனைக் கடந்து போகும்போது செய்யப்படுவது. நின்றபடி ஓடும் எஞ்சினின் மோதல் ஒலி அதில் பதிவாகாது. சட்டப்படி தேர்வு பெற்ற வண்டி கடைத்தெருவில் கடகடக்கலாம்.

எடுத்துப் பார்ப்பதில் உள்ள நுட்பம்

ஆகவே சோதனையை வேறு விதமாக அமைக்க வேண்டும். அதன் அடிப்படை விதி ஒன்றுதான்: சோதிக்கப்படும் உறுப்பைத் தவிர வேறெதுவும் மாறக்கூடாது. இந்த விதியைச் சொல்வது எளிது, காப்பாற்றுவது கடினம்.

மெல்லிய சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, தடித்த சக்கரத்தை மட்டும் ஓடவிட்டால் போதும் என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் ஸ்பிரிங் நீங்குவதோடு, சமன்தண்டின் எடையும் குறைகிறது; பற்கள் தொடும் அகலமும் குறைகிறது. மோதலின் வலிமை எடையைப் பொறுத்தது என்பதால், கேட்கும் வேறுபாட்டில் எவ்வளவு ஸ்பிரிங்கால், எவ்வளவு எடையால் என்பது தெரியாமல் போகும். சரியான ஒப்பீட்டுக்கு, பிளவுச் சக்கரத்தின் மொத்த அகலமும் எடையும் கொண்ட ஒற்றைச் சக்கரத்தைச் செய்து அதனோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்த இடர், எஞ்சினைத் திறந்து மூடுவதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் கேஸ்கட் மாறுகிறது, போல்ட்டுகளின் இறுக்கம் சற்று வேறுபடுகிறது, தாங்கிகள் மயிரிழை இடம் மாறி அமர்கின்றன. ஆகவே எதையுமே மாற்றாமல், அதே சக்கரத்தை வைத்து எஞ்சினைப் பிரித்துக் கோத்து, ஒலி எவ்வளவு மாறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ‘வெறும் பிரிப்புச் சோதனை’ என்று இதைக் குறிக்கலாம். வெறுமனே பிரித்துக் கோத்ததாலேயே ஒலி 1 டெசிபல் மாறுகிறது என்றால், சக்கரத்தை மாற்றியதில் கிடைத்த 1 டெசிபல் வேறுபாட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை.

மூன்றாவது இடர், காலம். ஓடஓட எஞ்சின் தேய்ந்து படிகிறது. பிளவுச் சக்கரத்தை முதலிலும் ஒற்றைச் சக்கரத்தைப் பின்னரும் சோதித்தால், காலத்தால் வந்த மாற்றம் சக்கரத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். இதற்கு எளிய, அழகான தீர்வு உண்டு. பிளவுச் சக்கரம், ஒற்றைச் சக்கரம், மீண்டும் பிரித்துக் கோத்த ஒற்றைச் சக்கரம், மீண்டும் பிளவுச் சக்கரம் என்ற வரிசையில் நான்கு முறை ஓட்ட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒலி 0.3 டெசிபல் தானாகவே கூடிக்கொண்டுபோவதாகக் கொண்டால், நான்கு ஓட்டங்களிலும் சேரும் பிழை 0, 0.3, 0.6, 0.9 ஆகும். பிளவுச் சக்கரத்துக்கு முதலும் கடைசியும் சேர்ந்து 0.9, ஒற்றைச் சக்கரத்துக்கு நடுவிரண்டும் சேர்ந்து அதே 0.9. பிழை இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்பட்டு, ஒப்பீட்டிலிருந்து தானே நீங்கிவிடுகிறது.

ஒவ்வோர் ஓட்டத்திலும் எண்ணெயின் வெப்பநிலை 40, 60, 80, 100 டிகிரிகளைத் தொடும்போது பதிவு செய்ய வேண்டும். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின் உறையில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது பழைய வழக்கம். சமன்தண்டின் தாங்கிக்கு அருகில் அதிர்வுமானியை ஒட்டிவைப்பதும் அதே தத்துவம்தான். காற்றின் வழியே வரும் கலந்த இரைச்சலிலிருந்து, ஓர் இடத்தில் பிறக்கும் ஒலியை அது பிரித்துத் தருகிறது.

செவிகளைச் சோதிக்கும் முறை

கருவிகள் வேறுபாட்டைக் காட்டிய பிறகும், வாங்குபவரின் காதுக்கு அது கேட்கிறதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. இங்கே எதிர்பார்ப்பு பெரிய பகை. புதிய உறுப்பு பொருத்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவருக்கு எஞ்சின் அமைதியாகவே கேட்கும். அதை வடிவமைத்தவருக்கு இன்னும் அமைதியாகக் கேட்கும். ஆகவே கேட்பவருக்கு எது எந்த எஞ்சின் என்று தெரியக்கூடாது.

உணவுப் பொருள்களின் சுவையைச் சோதிப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் மூவரிசை முறை இதற்குப் பொருந்தும். ஒருவருக்கு மூன்று பதிவுகள் ஒலிபரப்பப்படும். இரண்டு ஒரே எஞ்சினின் பதிவுகள், ஒன்று மட்டும் வேறு. வேறுபட்டதைச் சுட்டிக்காட்டுவதே அவர் வேலை. ஒன்றுமே கேட்காதவர்கூடக் குருட்டாம்போக்கில் மூன்றில் ஒரு முறை சரியாகச் சொல்லிவிடுவார். 12 பேரைக் கேட்டால், ஊகத்தாலேயே சுமார் 4 பேர் சரியாகச் சொல்வார்கள். 7 பேர் சரியாகச் சொன்னாலும் அது தற்செயலாக இருக்க நூற்றில் 6 அல்லது 7 வாய்ப்பு உண்டு. 8 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால்தான், அது வெறும் ஊகத்தால் நிகழும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் கீழே போகிறது. வேறுபாடு உண்மையிலேயே கேட்கிறது என்று அப்போது நம்பலாம்.

கேட்கிறது என்பதும் தொல்லையாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஹோண்டாவின் வி.எஃப்.ஆர். வகை மோட்டார் சைக்கிள்களில் வால்வுகளை இயக்கும் தண்டுகள் நெடுங்காலம் பற்சக்கரங்களால் ஓட்டப்பட்டன. அவற்றின் சீழ்க்கையை ஓட்டுநர்கள் பலர் விரும்பினார்கள். 2002இல் அந்நிறுவனம் சங்கிலிக்கு மாறியபோது அந்த ஒலியை இழந்ததற்காக வருந்தியவர்கள் உண்டு. ஆகவே வேறுபாட்டைக் கண்டவர்களிடம், எந்த வண்டியைக் குறையுள்ளதென்று நினைப்பீர்கள் என்ற இரண்டாவது கேள்வியைத் தனியே கேட்க வேண்டும்.

எல்லை எஞ்சின்கள்

இதுவரை சொன்ன அனைத்தையும் ஒரே எஞ்சினில் செய்து முடித்தாலும் விடை கிடைத்துவிடாது. தொழிற்சாலையில் எந்த இரண்டு எஞ்சின்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. துளைகளின் இடைத்தொலைவிலும் பற்களின் தடிமனிலும் அனுமதிக்கப்பட்ட சிறு ஏற்றத்தாழ்வுகள் சேர்ந்து, ஓர் எஞ்சினில் குளிர்நிலைத் தளர்வு 0.04 மில்லிமீட்டராகவும் மற்றொன்றில் 0.10 மில்லிமீட்டராகவும் அமையலாம். முன்னர் கணக்கிட்ட 0.05 மில்லிமீட்டர் வெப்ப விரிவையும் சேர்த்தால், சூட்டில் முதல் எஞ்சின் 0.09 மில்லிமீட்டரிலும், இரண்டாவது 0.15 மில்லிமீட்டரிலும் ஓடும். நடுத்தரமான ஓர் எஞ்சினை எடுத்துச் சோதித்து, ஒலி கேட்கவில்லை, ஆகவே பிளவுச் சக்கரம் வேண்டாம் என்று முடிவு செய்தால், தளர்வு மிகுந்த எஞ்சின்களை வாங்கியவர்கள் அந்த முடிவின் விளைவைச் சுமப்பார்கள்.

அதனால் அளவுகளின் இரு ஓரங்களிலும் உள்ள எஞ்சின்களைத் தேர்ந்தோ தனியே செய்தோ சோதிக்க வேண்டும். புதிய எண்ணெயில் மட்டுமின்றி, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி நீர்த்துப்போன எண்ணெயிலும் ஓட்ட வேண்டும். எஞ்சினின் சும்மா ஓடும் வேகத்தையும் அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லைக்குக் குறைத்துப் பார்க்க வேண்டும். வேகம் குறையக் குறையக் கிராங்க் தண்டின் தள்ளாட்டம் கூடும். சோதனைக்கூடத்தின் குளிரூட்டிய அறை ஓசூரின் காலையைத்தான் ஒத்திருக்கும். வண்டியை வாங்குபவரோ சாமல்பட்டியிலும் ஊத்தங்கரையிலும் சித்திரை வெயிலில் ஓட்டுகிறார். அவருடைய நிலைமைகள் இடம்பெறாத சோதனை, அவருக்காகச் செய்யப்பட்டதாகாது.

மூன்று விடைகள்

இவ்வளவும் செய்தபின் கிடைக்கும் விடை பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். தளர்வு மிகுந்த, சூடான, நீர்த்த எண்ணெயில் ஓடும் எஞ்சினிலும் செவிகளால் வேறுபாட்டைக் காண முடியவில்லை என்றால், பிளவுச் சக்கரம் தேவையில்லை. அதை வைப்பது வீண்செலவு. எல்லா எஞ்சின்களிலும் வேறுபாடு தெளிவாகக் கேட்டு, கேட்டவர்கள் அதைக் குறையாகக் கருதினால், அந்த உறுப்பு தேவை. செலவைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

மூன்றாவது விடைதான் நடைமுறையில் மிகவும் பயனுள்ளது: தளர்வு குறைந்த எஞ்சின்களில் ஒலி இல்லை, மிகுந்தவற்றில் மட்டும் உண்டு. அப்படியானால் பிரச்சினையின் வேர் தளர்வின் ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. அதைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. பற்களை இன்னும் நுட்பமாகத் தீட்டலாம். சக்கரங்களையும் உறைகளையும் அளந்து வகைப்படுத்தி, நிறக் குறியிட்டு, பொருந்தும் இணைகளாகக் கோக்கலாம். கிராங்க் தண்டின் எடைச் சக்கரத்தைச் சற்றுக் கனமாக்கித் தள்ளாட்டத்தைக் குறைக்கலாம். பிளவுச் சக்கரம் தேவையா என்று தொடங்கிய சோதனை, அந்த ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்பதையும், அதை அடக்குவதற்கு எந்த வழி சிக்கனமானது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

எந்த விடை வந்தாலும் அதனோடு அதன் நிபந்தனைகளையும் எழுதிவைப்பது சோதித்தவரின் கடமை: எவ்வளவு தளர்வில், எந்த எண்ணெயில், எத்தனை டிகிரியில், எந்த வேகத்தில், எத்தனை பேரின் செவிகளால். நாளை எண்ணெயின் தரம் மாறினாலோ, உறையின் உலோகம் மாறினாலோ, எரிபொருள் சிக்கனத்துக்காக வேகம் குறைக்கப்பட்டாலோ இன்றைய விடை செல்லாமல் போகலாம். நிபந்தனைகள் எழுதப்பட்டிருந்தால்தான் எப்போது மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது அடுத்து வருபவருக்குத் தெரியும். ஓர் உறுப்பு நெடுங்காலமாக இருந்துவருகிறது என்பதாலோ, போட்டியாளரின் எஞ்சினில் இருக்கிறது என்பதாலோ அது தேவையாகிவிடாது. விலை கூடுதல் என்பதால் தேவையற்றதும் ஆகிவிடாது. மற்ற எல்லாவற்றையும் அசையாமல் வைத்து, அதை மட்டும் எடுத்து, கடுமையான நிலைமையில், முன்முடிவற்ற செவிகளிடம் கேட்டுப் பெறும் விடைக்கே ‘தேவை’ என்றோ ‘தேவையில்லை’ என்றோ சொல்லும் உரிமை உண்டு.